இரத்தம் மாதிரி இருந்த தண்ணீர்

இரத்தம் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் சிவப்பாகவே இருக்குமா? விஞ்ஞானம் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரைக் கேட்டாலும், இருக்காது, கறுத்துவிடும் என்று உடனே சொல்வீர்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டிய காலையில் அது என் தலைக்குள் வரவே இல்லை.

பாடக் குறிப்பு எழுதுவது எப்படி, பின்வரிசைப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவது எப்படி என்றெல்லாம் என்னிடம் கேட்கிறீர்கள். அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். என்னால் சொல்லக்கூடியது, ஒரு பெண்ணின் வேலையை நான் ஒரு வாக்கியத்தால் பறிக்கப் பார்த்த கதை. என் பணிக்காலத்தின் ஆகப் பெரிய சந்தோஷமும் அதே வாரத்தில்தான் கிடைத்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமோ என்று பல தடவை யோசித்தேன். முடியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியை. மூத்த பிள்ளைக்கு எட்டு மாதம். கணவர் விடியற்காலை பஸ்ஸில் அம்பாறைக்கு வேலைக்குப் போய்விடுவார். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, இடைவேளைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வருவேன். வீட்டில் இருந்தால் ஸ்பிரிட் விளக்கை அணைத்தேனா என்று நினைப்பேன். பாடசாலையில் இருந்தால் பிள்ளையின் தண்ணீரைக் கொதிக்க வைத்தேனா என்று நினைப்பேன். எந்த இடத்திலும் முழுதாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பாடசாலையின் தொழுகை அறைக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. லுஹர் என்ற பகல் தொழுகைக்கு முன்னர் பிள்ளைகள் அதில்தான் கை, கால், முகம் கழுவி ஒழு எடுப்பார்கள். தினமும் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி அதை நிரப்புபவர் சல்மா ராத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா முறை. தற்காலிகச் சிற்றூழியராக நாலு வருடம் வேலை செய்தவர். அவருடைய வேலையை நிரந்தரமாக்கும்படி சிபாரிசு செய்யும் படிவம், பாரம் என்போம், பாடசாலை அதிபரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ராத்தாவின் கணவர் இறைச்சிக் கடைக்காரர். வீடு பாடசாலையின் பின்வேலியை ஒட்டி. அந்த வருடம் ஹஜ் பெருநாளுக்குத் தெருவில் பாதி வீடுகளின் குர்பான் மாடுகளை அறுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

பெருநாள் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பாடசாலை திறந்தது. வறண்ட கச்சான் காற்றுக் காலம். பத்து நாள் மேல்மூடி இல்லாமல் வெயிலில் காய்ந்த தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். அந்தத் தண்ணீர் சிவந்து கிடந்தது. தண்ணீர் வற்றி இறங்கிய சுவரிலெல்லாம் சிவப்பாக ஒரு பொருக்கு.

அன்றைக்குப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். நான் கால் மணித்தியாலம் பிந்திப் போனேன். தொட்டியைச் சுற்றி மாணவிகள் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். அதிபரும் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவியும் நின்றார்கள். சற்றுத் தள்ளி, கையில் வாளியோடு சல்மா ராத்தா.

"டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. நீங்கதானே சயன்ஸ். இது என்னெண்டு சொல்லுங்க பாப்பம்," என்றார் அதிபர்.

பிந்தி வந்ததைப் பற்றிக் கேட்காமல் இதைக் கேட்கிறாரே என்ற நிம்மதி எனக்கு. தெரியாது என்று சொன்னால் பிந்தி வந்ததும் சேர்ந்து கணக்கில் வருமோ என்ற பயம். குனிந்து பார்த்தேன். பத்து வினாடிகூட இராது.

"இரத்தம் மாதிரித்தான் இரிக்கி சேர்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

தங்கைமாரே, அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். 'மாதிரி' என்றுதானே சொன்னேன். ஆனால் சனங்களின் வாய்க்கு வாய் போகும்போது முதலில் கழன்று விழுவது அந்தச் சொல்தான். முதலாம் பாடம் முடிய, சயன்ஸ் டீச்சர் இரத்தம் என்று சொன்னார் என்று ஆயிற்று. இரண்டாம் பாடம் முடிய, சயன்ஸ் டீச்சர் சோதித்துப் பார்த்துச் சொன்னார் என்று ஆயிற்று. மூன்றாம் பாடத்தில், சல்மா ராத்தா புருஷனின் கத்தியையும் சாக்கையும் பிள்ளைகள் ஒழு எடுக்கும் தொட்டியில் கழுவியிருக்கிறார் என்று முழுக்கதையும் தயார்.

நான் ஆய்வுகூடத்தில் பத்தாம் வகுப்போடு இருந்தபோது சல்மா ராத்தா வாசலில் வந்து நின்றார். கையில் தொட்டி தேய்க்கும் தும்புக்கட்டை.

"டீச்சர், நீங்க சோதிச்சீங்களாம்."

"நான் சோதிக்கல்ல ராத்தா. மாதிரி எண்டுதான்..."

"மாதிரியா? எனக்கு மாதிரி வேலையா போகப் போகுது? முழு வேலையும்தான் போகுது."

நான் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தேன்.

"பதினெட்டு வருஷமா இறைச்சிக்காரன்ட பொண்டாட்டி நான். ரத்தம் கொஞ்ச நேரத்துல உறையும். அடுத்த நாள் கறுக்கும். மூணாம் நாள் ரோட்டால போறவனும் மூக்கப் பொத்துவான். தொட்டிக்கிட்ட நிண்டீங்களே, மணந்திச்சா? நீங்க படிச்ச ஆள். மூக்கு படிக்கல்லயா?"

மாணவிகள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. அவர் சொன்னது முழுக்கச் சரி. மணக்கவில்லை. ஓர் ஈ கூட இல்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு என்ன?

"சேர் தொட்டியக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிட்டார். கழுவிட்டுப் போகட்டாம். நாளைக்கு வரத் தேவல்லயாம்," என்றார் ராத்தா. "கழுவப் போறன்."

இன்னும் பத்து நிமிடத்தில் இடைவேளை மணி. வீட்டில் பிள்ளை பாலுக்கு அழும். முன்னே முப்பத்தைந்து பிள்ளைகள். தொட்டியைக் கழுவிவிட்டால் அங்கே இருந்தது என்னவென்று இனி ஒருபோதும் யாரும் அறிய முடியாது. என் வாக்கியம் மட்டும் மிஞ்சும். வகுப்பை விட்டுப் போனது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஓர் இலையைக் கொடுத்து வரையச் சொல்லிவிட்டு, கைப்பையில் இருந்த பிள்ளையின் வெற்று மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். ஆய்வுகூடத்துச் சவர அலகால் சுவரிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்தேன். பக்கத்தில் இருந்த வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் போத்தலை மூடினேன். ராத்தா பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிப்பது. குவித்துப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகச் சிவப்பு மணிகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தடித்த, கண்ணாடி போன்ற ஒரு சுவர். மாதுளம் விதைகளைக் கொட்டி வைத்த மாதிரி. இரத்தத்தின் உயிரணுக்கள், அந்தக் கலங்கள், இப்படி இருக்காது. அவை இதைவிட மிகச் சிறியவை, வெறும் தண்ணீரில் வெடித்தும் போயிருக்கும். ஒரு மணியின் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தாவரவியல் எடுத்த விரிவுரையாளர் ஒருவர் சொன்னது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. "பாசிக்கு வெயிலில் குடை பிடிக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அது குடையை வயிற்றுக்குள் விரிக்கும்."

அது இப்படித்தான். தண்ணீரும் நிழலும் இருக்கும்போது இந்தப் பாசி பச்சை. இரண்டு சவுக்குமுளைகளை அடித்துக்கொண்டு நீந்தித் திரியும். தண்ணீர் வற்றி வெயில் ஏறினால் அதற்கு ஆபத்து. எந்த ஒளியால் உணவு தயாரிக்கிறதோ அதே ஒளி அளவுக்கு மிஞ்சினால் பச்சையம் தாங்காது. கலத்துக்குள் ஒட்சிசன் நஞ்சாக மாறும். கழியூதாக் கதிர், அதாவது புறஊதாக் கதிர், கருவையே தாக்கும். ஓடி ஒளிய இடமில்லை. எனவே சவுக்குமுளைகளை உதிர்த்துவிட்டு உருண்டையாகிச் சுவரைத் தடிப்பாக்கும். பிறகு எண்ணெய்த் துளிகளில் ஒரு சிவப்பு நிறப்பொருளைச் செய்து, முதலில் கருவைச் சுற்றியும் பின்னர் கலம் முழுக்கவும் நிரப்பும். அந்தச் சிவப்பு கடும் ஒளியைத் தான் வாங்கிக்கொள்ளும். உண்டாகும் நஞ்சையும் முறிக்கும். மழைக்குப் பிறகு மதில்களில் கறுப்பாகப் படர்கிறதே, அது வேறொரு இனம், அதன் குடை வேறு நிறம். எங்கள் தொட்டியில் இருந்தது சிவப்புக் குடை.

அலுவலகத்துக்கு ஓடி, பாசி சேர், பாசி என்று சொல்லக் கால் துடித்தது. வாசல்வரை போய் நின்றேன். காலையில் பத்து வினாடி பார்த்துச் சொன்னேன். இப்போது பத்து நிமிடம் பார்த்துச் சொல்லப் போகிறேன். வித்தியாசம் அவ்வளவுதானா? அதிபரும் மௌலவியும் நுணுக்குக்காட்டியின் குழாய்க்குள் சிவப்பு உருண்டைகளைப் பார்த்தால், இரத்தக் கட்டி என்றல்லவா நினைப்பார்கள்?

பாசியின் பேச்சையே எடுக்காமல் அதிபரிடம் போனேன். "சேர், காலைல நான் சொன்னது பிழையா இரிக்கலாம்."

"இரிக்கலாமா, இரிக்கா?"

"தெரியா சேர். ஒரு கிழம தாங்க."

அவர் அநியாயக்காரர் அல்ல. ஆனால் பெற்றோர் வந்து கேட்பார்கள் என்ற பயம் அவருக்கும் இருந்தது. "அடுத்த திங்கள் கல்வி ஒபிசுக்குப் போறன். அந்தப் பாரத்தக் கொண்டு போறதா, கிழிக்கிறதா எண்டு அதுக்கு முந்திச் சொல்லுங்க. அது வரைக்கும் அவ வரத் தேவல்ல. டீச்சர், ரெண்டு தரம் பேச்ச மாத்தினா மூணாம் தரம் ஆரும் கேக்க மாட்டாங்க."

என் திட்டம் எளிமையானது. உயிருள்ள பாசி என்றால் தண்ணீரும் நிழலும் கொடுத்தால் குடையைச் சுருக்கிவிட்டுப் பச்சையாகும். இரத்தம் பச்சையாகாது, நீந்தாது. போத்தலை வடக்கு யன்னலில், வெளிச்சம் உண்டு வெயில் இல்லை என்ற இடத்தில் வைத்தேன். செவ்வாய் ஒன்றுமில்லை. புதன் ஒன்றுமில்லை. வியாழன் காலையில் பார்த்தால் சிவப்பு வெளிறி வைக்கோல் நிறமாகக் கிடந்தது. பச்சை இல்லை. மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோன பிறகுதான் விளங்கியது. நான் ஊற்றிய தண்ணீர், தொட்டி கழுவுவதற்காகப் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்த வாளித் தண்ணீர். சாட்சியை என் கையாலேயே கொன்றுவிட்டேன்.

அன்று பாடசாலை விட்டதும் நேரே சல்மா ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வந்தேனா, தோற்றுவிட்டேன் என்று சொல்ல வந்தேனா என்று எனக்கே தெளிவில்லை. அவர் உலக்கையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள நம்பி இருந்தா நான் எப்பவோ மையத்தாப் போயிருப்பன்," என்று சொல்லிவிட்டு, குசினிக் கூரைமேல் எட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார். அதன் அடியில் செங்கல் தூள் மாதிரி காய்ந்து ஒட்டிக் கிடந்தது, தொட்டியின் சிவப்பு.

"கழுவ முந்தி எடுத்து வச்சன். பொறகு நீங்க வேற ஒண்டக் காட்டி, இதான் ரத்தம் எண்டு சொன்னா நான் எங்க போறது?"

"ராத்தா, இது நாலு நாளா வெயில்லயா கிடந்தது?"

"ஓம். காஞ்சி போச்சி. பழுதா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பழுதில்லை. காய்வதையும் வெயிலையும் தாங்கத்தானே அது அந்தக் குடையை விரித்திருக்கிறது. சிரட்டையை முழுதாகத் தரும்படி கேட்டேன். அவர் கரண்டிக் காம்பால் பாதியை மட்டும் சுரண்டித் தந்தார். "மத்தப் பாதி என்கிட்டக் கிடக்கட்டும். இதையும் நீங்க கெடுத்தா நான் வேற டீச்சரத் தேடோணும்."

நான் கற்ற எந்தப் பரிசோதனை முறையையும்விட நல்ல முறை அது. மாதிரியை ஒரேயடியாகச் செலவழிக்காதீர்கள்.

இந்தத் தடவை தண்ணீரைப் பற்றி நூறு தரம் யோசித்தேன். கடைசியில் பிள்ளைக்கென்று நான் தினமும் கொதிக்க வைத்து ஆற்றும் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே எடுத்து, ஜாம் போத்தலில் ஊற்றி, குலுக்கி, அந்தத் தூளைப் போட்டேன். உம்மா பார்த்துவிட்டார்.

"புள்ளைட தண்ணியில என்னத்தடி போடுற?"

"பாசி உம்மா."

"ஊரெல்லாம் பாசியக் கழுவுறாங்க. நீ வளக்கிறயா?"

வெள்ளி, சனி இரண்டு நாளும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் கண் போத்தலில்தான் இருந்தது. ஞாயிறு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். போத்தலுக்குள் மெல்லிய பச்சை. யன்னலுக்கு வெளியே நிற்கும் வாழையின் சாயலோ என்று சந்தேகப்பட்டு, போத்தலை அறைக்குள் கொண்டுபோய்ப் பிள்ளையின் வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தேன். பச்சைதான். துணியை மாற்றிப் பார்த்தேன். பச்சைதான். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவனுக்கும் ஏதோ விளங்கியதுபோலக் கையை அடித்துச் சிரித்தான்.

திங்கள் காலை முதல் ஆளாகப் போய் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். சிவப்பு மணிகள் சில வெடித்துத் திறந்திருந்தன. அவற்றைச் சுற்றிப் பச்சை முட்டைகள் உருண்டு உருண்டு ஓடின. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு சிவப்புப் பொட்டு. குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற பெண்கள் மாதிரி. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

அதிபரையும் மௌலவியையும் கூட்டி வந்தேன். சல்மா ராத்தாவுக்கும் ஆள் அனுப்பியிருந்தேன். அவர் மற்றப் பாதிச் சிரட்டையோடு வந்து வாசலில் நின்றார். அதிபர் குனிந்து பார்த்தார்.

"கறுப்பாக் கம்பி கம்பியாத் தெரியிது."

"அது உங்கட கண் இமை சேர். கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

நெடுநேரம் பார்த்தார். "ஓடுதே," என்றார் மெதுவாக. "இதா அந்த ரத்தம்?"

நான் ராத்தாவின் சிரட்டையில் இருந்த சிவப்பையும் ஜாம் போத்தலில் இருந்த பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன், நான் கெடுத்த போத்தல் உட்பட. மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு, "பாசியெண்டு அண்டைக்கே தெரிஞ்சிருந்தா இவ்வளவு பாடு தேவல்ல," என்றார். "தண்ணியில தானா முளைச்ச பாசியால நிறம் மாறினா அந்தத் தண்ணி ஒழுவுக்குக் கூடும். மார்க்கக் கிதாபுகள்ல தெளிவா இரிக்கி. நாங்க ஆரும் பாசியெண்டு நினைக்கல்ல, அதான்."

அதிபர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "சரி. பாரத்துல கையெழுத்து வைக்கிறன். சல்மா, நீ இண்டையில இருந்து வேலைக்கு வா. விசயம் முடிஞ்சி."

"முடியல்ல சேர்," என்றார் ராத்தா. "ஊருக்கு ஆரு சொல்லுவா? பழி கூட்டத்துக்குள்ள வந்திச்சி. அறைக்குள்ள மட்டும் போனா போதுமா?"

அவர் அதிபரைப் பார்த்து அதைச் சொன்னார். ஆனால் அது எனக்கென்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தில் எத்தனையோ சாக்குகள் வந்தன. இனி மாணவிகள் என்னை மதிப்பார்களா? நான் சொல்லும் பாடத்தை நம்புவார்களா? பெற்றோர் என்ன சொல்வார்கள்? இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அந்தச் சாக்குகளில் ஒன்று வென்றிருக்கும். காலைக் கூட்டத்துக்கு மணி அடித்தது. யோசிக்க நேரம் கிடைக்காதது நல்லதாயிற்று.

மேடையில் ஏறினேன். "போன திங்கட்கிழமை தொட்டியில் இருந்தது இரத்தம் அல்ல. நான் சோதிக்கவில்லை. சோதிக்காமல் சொன்னேன். அது பாசி. வெயிலிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிவந்த பாசி. சல்மா ராத்தா தொட்டியில் எதையும் கழுவவில்லை," என்றேன். இவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், நாங்களும் பாக்கலாமா?" என்று கேட்டது. அன்று முழுப் பாடசாலையும் வரிசையில் நின்று பார்த்தது. என்னை நம்பாமல் போவார்கள் என்று பயந்தேன். அவர்கள் நம்புவதா இல்லையா என்று யோசிக்கவே இல்லை, பார்க்கத்தான் வந்தார்கள். எங்கள் தொழிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வரிசை முடிந்து நான் வெளியே வந்தபோது சல்மா ராத்தா கிணற்றடியில் நின்றார். கழுவிய தொட்டி ஒரு வாரமாக வெறுமையாகவே கிடந்தது. அவருக்குப் பதிலாக யாரும் தண்ணீர் அள்ளவில்லை. லுஹருக்கு முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது.

"ராத்தா, என்னால உங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

அவர் மற்ற வாளியை எடுத்து என் கையில் தந்தார்.

"கதைச்சது போதும். புடிங்க. முழுக்க நிரப்பாதீங்க, உங்களுக்கு அரை வாளிதான் ஏலும்."

வீட்டில் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருப்பான் என்று தெரியும். ஆறு அரை வாளி சுமந்து ஊற்றிவிட்டுத்தான் போனேன்.